தேவைக்கு வழிவிடு

"தாங்கள் எதற்காகப் பயணம் செய்கிறீர்கள்?" என்று பெட்டி கேட்டது.

எழும்பூரில் ரயில் ஏறும் வாசலிலேயே, கைப்பிடிக்குப் பக்கத்தில் அதைப் பொருத்தியிருந்தார்கள். நல்ல பெண் குரல். அதட்டலும் இல்லை, குழைவும் இல்லை. பல குரல்களைக் கேட்டுப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தவள் சுகந்தி. கேள்வியின் வாசகமும் அவளுடையதுதான். 'நீங்கள்' என்பதா, 'தாங்கள்' என்பதா என்று ஆணையத்தில் ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. மரியாதை கொஞ்சம் கூடினால் குற்றமில்லை என்று அவள்தான் முடித்துவைத்தாள்.

இப்போது அந்தக் கேள்விக்கு அவளே பதில் சொல்ல வேண்டியிருந்தது. திரையில் பொத்தான்கள் ஒளிர்ந்தன. மருத்துவம், தேர்வு, காவல் நிலையம், நீதிமன்றம், வேலை, சுபகாரியம், கோயில், சொந்த வேலை, சுற்றுலா. சிலவற்றுக்கு உள்ளே உட்பிரிவுகளும் உண்டு. அவள் விரல் 'காவல் நிலையம்' மேல் ஒரு கணம் நின்றது. பின்னால் ஏற வந்தவர் எட்டிப் பார்ப்பது தெரிந்ததும் கீழே இறங்கிச் 'சுற்றுலா'வைத் தட்டியது.

"இனிய பயணம் அமையட்டும்" என்றது பெட்டி.

ஆணையத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்டவாளம் நாட்டுக்குச் சொந்தம், அதில் ஓடும் வண்டி யாருக்கு வேண்டுமானாலும் சொந்தமாக இருக்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, ரயில் விடுகிறேன் என்று கம்பெனிகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. வண்டிகள் பெருகின. தண்டவாளம் பெருகவில்லை. இரண்டு வண்டிகள் ஒரே பாதையைக் கேட்டால் எதை முதலில் விடுவது? ஏலம் விடலாம், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்கள் முதலில் போகட்டும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அப்போது பாதை அனுமதி ஆணையத்தில் சட்ட அலுவலராக இருந்த சுகந்தி எழுந்து, "பணத்துக்கு வழிவிட வேண்டாம், தேவைக்கு வழிவிடுவோம்" என்றாள். கைதட்டினார்கள். பத்திரிகைகள் எழுதின. அதையே அணுகல் விதிகள் என்று வகுத்து, நாட்டுத் தண்டவாளத்தில் கால்வைக்க விரும்பும் எந்தக் கம்பெனிக்கும், அரசு ரயிலுக்குமே கூட, அதைக் கட்டாயமாக்கினார்கள்.

விதி எளிமையானது. ஏறும் ஒவ்வொருவரும் எதற்காகப் போகிறார்கள் என்று பெட்டியிடம் சொல்ல வேண்டும். நோயாளிக்கும் துக்கத்துக்குப் போகிறவருக்கும் மதிப்பெண் அதிகம், ஊர் சுற்றப் போகிறவருக்குக் குறைவு. வண்டியில் இருக்கும் எல்லாருடைய மதிப்பெண்ணையும் கூட்டினால் அந்த வண்டியின் தேவை. தேவை அதிகமுள்ள வண்டி நேரே போகும். குறைந்தது ஓரமாக, பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கும். யாரும் பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு இருக்கைக்கு மேலேயும் சின்ன ஒளிப்பட்டை வைத்து, அங்கே உட்கார்ந்திருப்பவர் சொன்ன காரணத்தை அதில் எழுதிக் காட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்றால் பொய் சொல்லக் கூசும் அல்லவா? இதுவும் சுகந்தியின் யோசனைதான். நம் ஆட்களைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளும் நம் ஆள்தானே. ஆனால் விதி எழுத உட்கார்ந்தால் அது எப்படியோ மறந்துபோகிறது.

வீட்டை விட்டுப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்பதே நமக்கு ஆகாது. சுற்றி வளைத்து, "தூரமா?" என்று கேட்போம். அப்படிப்பட்ட ஊரில் எதற்காகப் போகிறாய் என்று கேட்க ஓர் இயந்திரத்தை வைத்தார்கள். முதலில் 'மரணம்' என்றும் ஒரு பொத்தான் இருந்தது. உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொத்தானைத் தொட யாருக்குக் கை வரும்? ஒருவரும் தொடவில்லை. சாவுக்குப் போகிறவர்கள் எல்லாம் 'சொந்த வேலை' என்றே போனார்கள். அதை எடுத்துவிட்டுத் 'தவிர்க்க முடியாத நிகழ்வு' என்று போட்டார்கள். என்ன சொல்ல வருகிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. அதையும் தொடவில்லை, அதுவும் போயிற்று.

சுகந்தி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். தலைக்கு மேல் பச்சை எழுத்தில் 'சுற்றுலா' ஒளிர்ந்தது.

திருச்சியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் மகன் நிரஞ்சன், விடுதியில் நண்பர்களின் கைப்பேசிகளைத் திருடி விற்றிருக்கிறான். ஒன்றல்ல, பல. காலையில் காவல் நிலையத்திலிருந்து உதவி ஆய்வாளர் பேசினார். மரியாதையான மனிதர். "புகார் கொடுத்த பையனோட அப்பா இங்கதான் உக்காந்திருக்கார் மேடம். பெத்தவங்க நேர்ல வந்து பேசினா வாபஸ் வாங்கிக்கிறேங்கறார். நீங்க மத்தியானத்துக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல என்னால வெச்சிருக்க முடியாது, கோர்ட்டுக்குக் கொண்டுபோயாகணும். ரிமாண்ட்னு ஆயிட்டா அப்புறம் பையனோட படிப்பே..." என்று அவர் முடிக்காமல் விட்டார்.

கணவர் மஸ்கட்டில் இருந்தார். அவரிடம் சொல்லவில்லை. அலுவலகத்தில் தலைவலி என்று சொன்னாள். வேகவதி என்ற கம்பெனியின் ரயிலில் போனால் வேகமாகப் போய்விடலாம், ஆனால் ஆணைய அதிகாரிகள் தனியார் ரயிலில் சொந்தப் பயணம் போகக் கூடாது. அதோடு அடுத்த வாரம்தான் வேகவதிக்கு நிரந்தர அனுமதி கொடுப்பதா என்ற விசாரணை. மூன்று பேர் அமர்வில் அவளும் ஒருத்தி. ஆகவே அரசு ரயில்.

எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது. கழுத்தில் ஜெபமாலை. தலைக்கு மேல் 'சுபகாரியம்' என்று ஒளிர்ந்தது, ஆனால் கட்டியிருந்தது வீட்டில் உடுத்தும் சேலை, காலில் இரண்டு வெவ்வேறு செருப்பு. அவளுக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. பெரியவர் தணிகாசலம், மனைவி குமுதா. இருவர் தலைக்கு மேலும் 'கோயில்'. பெட்டி முழுக்க நிமிர்ந்து பார்த்தால் ஊரே கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகிற மாதிரி இருந்தது. ஒருவர் முகத்திலும் அந்தக் களை இல்லை.

விழுப்புரம் தாண்டி நெய்வனம் என்ற சின்ன நிலையத்தில் ரயில் ஒதுங்கி நின்றது.

நின்றது நின்றதுதான். பெட்டியின் கோடியில் இருந்த பெரிய திரையில் 'இந்த ரயிலின் தேவை: குறைவு' என்று வந்தது. அதற்குக் கீழே, 'பின்னால் வரும் ரயிலின் தேவை: மிக அதிகம்'. சற்று நேரத்தில் வேகவதியின் நீல நிற ரயில் அவர்களைக் கடந்து போனது. நிலையத்துக்குள் வேகம் குறைத்துப் போனதால் உள்ளே இருந்தவர்களைப் பார்க்க முடிந்தது. முன்பெட்டிகளில் மடிக்கணினிகளும் காப்பிக் கோப்பைகளும். கடைசிப் பெட்டியில் மட்டும் கம்பளி போர்த்திய கிழவர்கள், மூக்கில் குழாயோடு ஓர் அம்மாள், கையில் ஊசிக் கட்டோடு சிலர். தட்டில் இட்லி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், எல்லாம் நோயாளிங்க போல" என்றாள் குமுதா.

"நோயாளிங்கதான். ஆனா எங்கயும் போகல" என்றார் தணிகாசலம். "எங்க தெருவுல ஒருத்தர் இதுல போறார். கிட்னி போனவர். கம்பெனிக்காரன் வீட்டுக்கே வண்டி அனுப்பிக் கூட்டிட்டுப் போறான். ஏசி, சாப்பாடு, நர்ஸ். திருச்சியில அவனோட ஆஸ்பத்திரியிலயே ரத்தம் சுத்தம் பண்ணிட்டுத் திருப்பிக் கொண்டாந்து விடுறான்."

"இங்க மெட்ராஸ்ல பண்ண முடியாதா?" என்று சுகந்தி கேட்டாள்.

"ஏன் முடியாது? அவங்க தெருமுனையிலயே பண்றாங்க. ஆனா இவங்க ஏறினாத்தானே வண்டிக்கு மார்க்கு வரும்? அந்தக் கடைசிப் பெட்டிதான்மா இன்ஜின். முன்னாடி இருக்கிறது சும்மா." அவர் சிரித்தார். "யாரோ நல்ல மூளைக்காரன்தான் இந்த ரூல் போட்டிருக்கான்."

சுகந்திக்குக் காது சூடேறியது. வேகவதியின் விண்ணப்பத்தில் அவள் படித்திருக்கிறாள். 'அறக்கட்டளைப் பெட்டி: சிகிச்சைக்குச் செல்வோருக்கு இலவசப் பயணம்.' பக்கத்தில் பச்சை மையால் 'பாராட்டத்தக்கது' என்று எழுதிவைத்ததும் அவள்தான்.

அடுத்து இன்னொரு ரயில் கடந்தது. அதற்கடுத்து ஒன்று. நிலைய அதிகாரி நடைமேடையில் நின்று, "இன்னும் நாலு வண்டி இருக்குங்க, நான் என்ன பண்றது, கம்ப்யூட்டர் விட்டாத்தானே" என்று ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிக்கொண்டே போனார். பெயர் கருணாகரன் என்று சட்டையில் இருந்தது.

ஸ்டெல்லா திடீரென்று அழ ஆரம்பித்தாள். சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். குமுதா அவள் முதுகைத் தடவி, "என்னம்மா, கல்யாணத்துக்கு நேரமாயிடுச்சா?" என்றாள்.

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்லம்மா." ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள். "எம் பொண்ணு திருச்சியில நர்சிங் படிக்குது. நேத்து ஹாஸ்டல்ல மருந்தைக் குடிச்சிடுச்சு. இன்னும் கண்ணு முழிக்கல. ஏதோ பண்ணணுமாம், அப்பா அம்மா கையெழுத்து வேணுமாம். அவங்க அப்பா இல்ல. நான்தான்."

சுகந்தி முன்னால் சாய்ந்தாள். "அந்தப் பெட்டியில போய் மாத்திச் சொல்லிடும்மா. வழியில மாத்திக்கலாம், விதி இருக்கு. 'மருத்துவம், அவசரம்'னு தட்டு. வண்டிக்கு மார்க்கு ஏறும்."

ஸ்டெல்லா நிமிர்ந்து தன் தலைக்கு மேலிருந்த பட்டையைப் பார்த்தாள். "தட்டினா அதுல வரும்ல? எதுக்கு, என்னன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. இந்த வண்டியில எங்க தெருக்காரங்க நாலு பேர் வர்றாங்க. பொண்ணு பிழைச்சு எழுந்து வந்தா நாளைக்கு அது வெளியில தலைகாட்ட வேணாமா? என் தலைக்கு மேல எழுதி ஒட்டச் சொல்றீங்களாக்கா?"

"தப்பு ஒண்ணும் இல்லையேம்மா..."

"தப்பில்லதான்." ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்தியின் பட்டையைப் பார்த்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தவள்போல் நிதானமாகக் கேட்டாள். "நீங்க எங்கக்கா சுத்திப் பாக்கப் போறீங்க? காலையிலேருந்து அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க. சுத்திப் பாக்கப் போற மூஞ்சியா இது?"

குமுதா, "விடும்மா" என்றாள். தணிகாசலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சுகந்திக்கு அவமானமாக இருந்தது. மகன் திருடினான் என்று கேட்டபோது வந்த அவமானம் வேறு. அது நெஞ்சில் குத்தியது. இது உடம்பு முழுக்கக் கூசியது. ஊர் உலகத்தையெல்லாம் தலைக்கு மேல் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொன்னவள், தன் முறை வந்ததும் பச்சைப் பொய்யைத் தட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் போலவே பொய் சொன்ன எல்லாருமாகச் சேர்ந்துதான் இந்த வண்டியை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

எழுந்து வாசல் பக்கம் போனாள். பெட்டி அதே மரியாதையோடு கேட்டது. அவள் 'காவல் நிலையம்' என்பதைத் தட்டினாள்.

திரும்பி வரும்போதே பார்த்தாள். அவள் இருக்கைக்கு மேல் பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தது. சிவப்பாக வைக்கச் சொன்னது யார் என்று அவளுக்கு நினைவில்லை. நல்லவேளை, அதுவாவது நினைவில்லை. பக்கத்து வரிசைகளில் பேச்சு நின்றுவிட்டது.

"என் பையன் ஸ்டேஷன்ல இருக்கான்" என்றாள் சுகந்தி. "பொய்க் கேஸ் எல்லாம் இல்ல. திருடிட்டான். கோர்ட்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ள போகணும்."

ஸ்டெல்லா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, இரண்டு வெவ்வேறு செருப்போடு வாசலுக்குப் போனாள். அவள் பட்டையும் சிவப்பானது.

தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார். "குமுதா, நான் கொஞ்சம் காலாற நடந்துட்டு வர்றேன்."

"எங்க, பெட்டிக்கா?" என்றாள் குமுதா. "போய்த் தட்டிட்டு வாங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சமயபுரத்துக்குப் போறோம்னு கூட்டிட்டு வர்றீங்க. உங்க சட்டைப் பையில டாக்டர் எழுதின சீட்டு இருக்கு. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? ரத்தமா போகுதுன்னும் தெரியும். நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

பெரியவர் மனைவியின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள் எழுந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காமல், கழிப்பறைக்குப் போகிறவர்கள் மாதிரி நழுவிப் போய்த் தட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த பெட்டிக்கும் செய்தி போயிற்று. சுபகாரியங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விவாகரத்து வழக்கு, மனநல மருத்துவம், சிறையில் பார்வை நேரம், கருச்சிதைவு, காணாமல் போன தம்பி. ஒரு பெட்டி நிறையக் கல்யாணக்காரர்கள் என்று நினைத்தது உண்மையில் இதுதான். திரையில் 'குறைவு' நடுத்தரமாகி, அதிகமாகி, 'மிக அதிகம்' என்று வந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள். ஸ்டெல்லா சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அதே நல்ல பெண் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "பயணிகள் கவனத்துக்கு. இந்த ரயிலின் தேவை திடீரென உயர்ந்துள்ளதால், விதி பதினேழின்படி இது முறைகேடாகக் கருதப்படுகிறது. ஆணைய அதிகாரி ஒருவர் நேரில் சான்றளிக்கும் வரை இந்த ரயிலுக்குப் பாதை வழங்கப்பட மாட்டாது."

விதி பதினேழு. பயணிகளைத் தூண்டிவிட்டு வழியில் மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ளும் கம்பெனிகளைத் தடுக்க வைத்தது. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் உண்மை சொல்லக்கூடும் என்று அதை எழுதியபோது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கருணாகரன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "யாருங்க எல்லாரையும் தட்டச் சொன்னது? இப்ப விழுப்புரத்துலேருந்து ஆபீசர் வரணும். அவர் சாப்பிட்டுக் கிளம்பி வர்றதுக்குள்ள பொழுது போயிடும்!"

சுகந்தி தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் தலைக்கு மேலிருந்த சிவப்பைப் பார்த்தார். பிறகு மரியாதையாக நடைமேடைக்கு அழைத்துப் போய் மெதுவாகப் பேசினார்.

"நீங்களே சான்று கொடுத்துடலாம் மேடம். பெட்டி பெட்டியாப் போய்க் கேட்டுக் கையெழுத்து போட்டா வண்டியை விட்டுடுவேன். ஆனா ஒரு சிக்கல். சான்று கொடுக்கிற ஆபீசர் அந்த வண்டியில போகக் கூடாது. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு இறங்கிடணும். எந்தப் புண்ணியவான் எழுதினானோ."

"நான்தான் எழுதினேன்" என்றாள் சுகந்தி.

கருணாகரன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க மேடம்."

"பரவாயில்ல. அடுத்த வண்டி எப்ப நிக்கும்?"

"இங்கயா? சாயங்காலம் ஒரு பாசஞ்சர் நிக்கும். பஸ் பிடிக்கணும்னா மெயின் ரோட்டுக்குப் போகணும். அதுவும் மாறி மாறித்தான் போகணும்."

சாயங்காலம் என்றால் நிரஞ்சன் சிறையில் இருப்பான். கையெழுத்து போடாவிட்டால் விழுப்புரத்து அதிகாரி வரும் வரை எல்லாரும் இங்கேயே இருக்க வேண்டும். அப்போதும் அவள் நேரத்துக்குப் போய்ச் சேரப் போவதில்லை. ஆனால் அதைச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டு நான் இன்னார், இன்ன பதவி, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கும் வெட்கப்பட்டாள். ஜன்னலில் ஸ்டெல்லாவின் முகம் தெரிந்தது.

பெட்டி பெட்டியாகப் போனாள். ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துகொண்டு காரணத்தைச் சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் தன் டிக்கெட்டை ரத்து செய்ய வாசலில் இருந்த கேள்விப் பெட்டியின் முன் நின்றாள். பயணத்தைப் பாதியில் முடிக்கும் காரணத்தைக் கேட்டு அது இரண்டே பதில்களைக் காட்டியது. ஒன்று, நோக்கம் நிறைவேறியது. மற்றொன்று, நோக்கம் பொய்யானது.

"நிறைவேறியதுன்னு போட்டா வண்டி மறுபடி மாட்டிக்கும் மேடம்" என்றார் கருணாகரன். "நெய்வனத்துல போலீஸ் ஸ்டேஷனே இல்ல. மூணாவது பொத்தான் ஒண்ணு வெச்சிருக்கலாம்."

"தோணல" என்றாள் சுகந்தி. 'நோக்கம் பொய்யானது' என்பதைத் தட்டினாள். இருக்கைக்கு மேல் சிவப்பு அணைந்தது.

வண்டி அசைந்தபோது தணிகாசலம் கதவருகே வந்து நின்றார். "எந்த ஸ்டேஷன்மா? பையன் பேர் என்ன? நாங்க எப்படியும் திருச்சிதானே போறோம். அம்மா வந்துட்டிருக்காங்கன்னு சொல்றேன்." அவள் ரயிலோடு நடந்துகொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நடைமேடை முடிந்துவிட்டது.

அவள் திருச்சி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். புகார் கொடுத்தவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "பெத்தவளுக்கே அக்கறை இல்லை" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாராம். நிரஞ்சனைச் சிறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காவல் நிலைய வாசல் பெஞ்சில் தணிகாசலமும் குமுதாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்றாள் சுகந்தி.

"நாளைக்குப் போனா என்ன? எங்கயும் ஓடிடாது." குமுதா அவள் கையைப் பிடித்தாள். "கொண்டுபோறதுக்கு முன்னாடி பையனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம்மா. எங்க மூஞ்சியைப் பாக்க வெட்கப்பட்டான். ஆனா சாப்பிட்டான்."

ஸ்டெல்லாவின் மகள் கண் விழித்துவிட்டாள் என்று மறுநாள் செய்தி வந்தது. பஸ் நிலையத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு சுகந்தி வெகுநேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. மேடையில் ஆணையத் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். வலது பக்க நாற்காலியில் சுகந்தி. எதிரே வேகவதியின் சார்பில் ஹரிப்பிரியா என்ற இளம் வழக்கறிஞர். தெளிவாகப் பேசினாள்.

"எங்கள் ரயிலில் பயணம் செய்த ஒருவருடைய காரணமும் இதுவரை பொய்யென்று நிரூபிக்கப்பட்டதில்லை. அறக்கட்டளைப் பெட்டியில் வருகிறவர்கள் அத்தனை பேரும் உண்மையான நோயாளிகள். அத்தனை பேருக்கும் மருத்துவச் சான்று இருக்கிறது. விதி கேட்டதை அப்படியே செய்திருக்கிறோம்."

அது உண்மை. அதுதான் சுகந்தியைத் தின்றது.

"மாறாக," ஹரிப்பிரியா தொடர்ந்தாள், "சென்ற வாரம் நெய்வனத்தில் அரசு ரயில் ஒன்று கூண்டோடு காரணத்தை மாற்றியிருக்கிறது. அதைத் தூண்டிவிட்டது ஒரே ஒரு பயணி. காவல் நிலையம் என்று போட்டு, மற்றவர்களையும் போடவைத்துவிட்டு, பிறகு அது பொய் என்று அந்த நபரே ஒப்புக்கொண்டு இறங்கிவிட்டார். இந்தப் பாதையில் இதுவரை உறுதியான ஒரே பொய் அதுதான். விதிப்படி பெயரை எங்களுக்குத் தரவில்லை. இப்படிப்பட்டவர்களைத் தடுக்க, வழியில் காரணத்தை மாற்றும் வசதியையே எடுத்துவிட வேண்டும். எங்களுக்கு நிரந்தர அனுமதியும் வழங்க வேண்டும்."

தலைவர் தலையாட்டினார். "நியாயமாத்தான் படுது. அன்னிக்குச் சான்று கொடுத்தது நீங்கதானே சுகந்தி? அந்த ஆள் யாருன்னு பாத்தீங்களா?"

சுகந்தி மேசையைப் பார்த்தாள். 'தெரியாது சார்' என்ற இரண்டு வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. நிரஞ்சன் விஷயம் இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. தலைவலியோடு நெய்வனத்துக்கு ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை; இன்றும் தலைவலி எப்படி இருக்கிறது என்றே கேட்டார்கள். அவளும் பரவாயில்லை என்றே சொல்லியிருந்தாள். சொல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தெரியாமலே இருக்கும். ஸ்டெல்லாவின் இரண்டு வெவ்வேறு செருப்பு ஞாபகம் வந்தது.

"தெரியும் சார். அது நான்தான். காவல் நிலையம்னு போட்டது பொய்யில்ல. பொய்யானதுன்னு போட்டேனே, அதுதான் பொய்."

ஹரிப்பிரியா கையிலிருந்த காகிதத்தை மெல்ல மேசைமேல் வைத்தாள். தலைவர் தாழ்ந்த குரலில், "அப்படின்னா நீங்க இந்தப் பக்கம் உக்கார முடியாதேம்மா" என்றார்.

"தெரியும் சார்" என்றாள். அந்த விதியும் அவள் எழுதியதுதான்.

நாற்காலியை நகர்த்திவிட்டு இறங்கி, எல்லார் கண்ணெதிரிலும் நடந்து, சாட்சிகளுக்குப் போட்டிருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள். முகம் எரிந்தது. சுருக்கெழுத்து எடுக்கும் பெண் பென்சிலைச் சீவிக்கொண்டு, சாட்சிகளிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். ஏழு வருஷமாகச் சுகந்தியோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவள். அதனால் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"பெயர்?"

"சுகந்தி."

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?"

"என் பையன் திருடிட்டு ஜெயில்ல இருக்கான்" என்றாள் சுகந்தி. "அவனைப் பார்க்கப் போன வண்டியைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன். எழுதிக்கோம்மா."